டெங்கு வராத பிள்ளை

ஏழு ஐம்பதுக்கு ரூபிகாவின் போன் அடித்தது. அவள் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். அம்மா பாலேஸ்வரி எடுத்தாள்.

மறுமுனையில் சிங்களம். அவள் கல்யாணம் முடித்த நாளிலிருந்து வெள்ளவத்தையில் இருப்பவள். மீன்காரனோடும் மின்சாரசபையோடும் சிங்களத்தில் சண்டை பிடிக்கக்கூடியவள். ஆனால் இது மரியாதையான சிங்களமாக இருந்தது. அதனால் பயந்தாள்.

குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"கம்பஸில இருந்து. துப்பிப்போட்டு வா."

ரூபிகா வாயில் நுரையோடு வந்து போனை வாங்கினாள். கேட்டாள். "ஹரி மிஸ்" என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு "ஹரி மிஸ்." போனை வைத்தாள்.

"என்னவாம்?"

"கப் எனக்கில்லையாம்."

பாலேஸ்வரி சோபாவைப் பார்த்தாள். அவளுடைய பச்சைப் பட்டுச் சேலை மடிப்புக் கலையாமல் அதில் கிடந்தது. பக்கத்தில் கணவர் யோகநாதனின் கோட். லோண்டரிப் பையை இன்னும் கழற்றவில்லை.

"அப்ப ஆருக்காம்?"

"நதாவுக்கு."

இன்று பின்னேரம் கலர்ஸ் நைட். பல்கலைக்கழக அணிகளில் விளையாடியவர்களைக் கௌரவிக்கும் விழா. பிளேசர், சான்றிதழ், கைதட்டல், புரியாணி. எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு கோப்பை. விளையாடிக்கொண்டே படிப்பில் ஆகக்கூடிய புள்ளி எடுத்தவருக்கு. அந்த ஒன்றுக்கு மட்டும் தாய் தகப்பனையும் மேடைக்குக் கூப்பிடுவார்கள்.

அது ரூபிகாவுக்குத்தான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பாலேஸ்வரி அதை லிஃப்டில் சொன்னாள். மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும்போது சொன்னாள். கனடாவுக்கும் லண்டனுக்கும் சொன்னாள். களனிக்கும் சொன்னாள்.

களனியில் ராகுலன் இருக்கிறான். மூத்தவன். ஆடிவேல் திருவிழாவுக்கு முதல் நாள் பெட்டியோடு வீட்டை விட்டுப் போனவன். இறைவரித் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்ற தகப்பனிடம் அவன் கேட்டது ஒரேயொரு தொலைபேசி அழைப்பு. பழைய சிநேகிதர் ஒருவருக்கு, வேலைக்காக ஒரு சொல். யோகநாதன் அழைக்கவில்லை. தகுதி இருந்தால் வேலை தானாக வரும் என்றார். மகன் போய்விட்டான். போன கிழமைதான் அம்மாவுக்கு அவனிடமிருந்து முதல் பதில் வந்தது. தங்கச்சிக்குக் கப் குடுக்கிற அண்டைக்கு வாறன்.

"இனி அவன் வருவானோ?" என்றாள் பாலேஸ்வரி.

ரூபிகா வாய் கொப்பளிக்கப் போனாள்.

யோகநாதன் பல்கனியில் பத்திரிகையோடு இருந்தார். கீழே கரையோர ரயில் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை காத்திருந்து கேட்டார்.

"ஏனாம் இல்லை?"

"இப்பதான் பாத்தவையாம், எனக்கு ஒரு ரிப்பீட் இருக்காம்."

"எது?"

"ஸ்டாட்ஸ். எனக்கு C எல்லே."

"அது C இல்லையே. எண்பத்தாறு எல்லே எடுத்தனீ?"

"எண்பத்தாறு எடுத்தாலும் C தான் அப்பா. எத்தின தரம் சொல்லுறது."

எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அவருக்கு அது விளங்குவதில்லை.

போன வருடம் குருநாகலில் நெட்போல் இறுதியாட்டம். அதே நாளில் புள்ளிவிபரவியல் பரீட்சை. விளையாட்டுப் பிரிவே பஸ் பிடித்து அணியை அனுப்பியது. வென்றார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பத்திரிகையில் வந்தது. ரூபிகா தவறவிட்ட பரீட்சையைப் பிறகு எழுதினாள். அந்த வினாத்தாளில் அவளைவிட அதிகம் எடுத்தவர் வகுப்பில் இல்லை. ஆனால் வராமல் விட்டதும் ஒரு முறை எழுதியதாகக் கணக்கு; இரண்டாம் முறை எழுதுகிறவர்களுக்கு C க்கு மேல் கிடையாது. அதுதான் விதி.

அணியில் இன்னும் ஆறு பேருக்கு அன்று பரீட்சை இருந்தது. ஆறு பேரும் மெடிக்கல் சான்றிதழ் கொடுத்தார்கள். டெங்கு, வயிற்றோட்டம், தலைச்சுற்று. இப்படி ஏதாவது நோய், வருத்தம் என்றால் முதல்முறை எழுதியதாகவே கணக்கு. எடுத்த புள்ளி அப்படியே நிற்கும்.

ரூபிகா மட்டும் விளையாடப் போனேன் என்று எழுதிக் கொடுத்தாள்.

"இவர் சொல்லித்தானே." பாலேஸ்வரி சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். மடித்திருந்ததையே மறுபடி மடித்தாள். "நான் அண்டைக்கே கொட்டாஞ்சேனைக்குப் போய் டொக்டரிட்ட ஒரு துண்டு வாங்குவம் எண்டனான். விளையாடப் போனா விளையாடப் போனன் எண்டு எழுது, அதில என்ன வெக்கம் எண்டார். இப்ப பாருங்கோ. வெக்கமில்லாமல் இருக்கிறம்."

"பொய் எழுதச் சொல்லுறீரோ?"

"ஊர் முழுக்க எழுதுது. உங்களுக்கு மட்டும் பேனை ஒத்துவராது. மகனுக்கு ஒரு போன் கோல் எடுக்க விரல் வளையேல்லை. மகளுக்கு ஒரு துண்டு வாங்க மனம் வரேல்லை."

"பாலேஸ்."

"என்ன பாலேஸ்?"

அவர் பத்திரிகையை மடித்தார். எழுந்தார். லோண்டரிப் பையைக் கிழித்துக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வா பிள்ளை. கம்பஸில கேப்பம்."

"அப்பா, கோட் வேண்டாம். வேர்க்கும்."

"வேர்க்கட்டும்."

*

கம்பஸில் பீட அலுவலகத்தில் மின்விசிறி சுழன்றது. காற்று வரவில்லை. யோகநாதன் சிங்களத்தில் பேசினார். அவருடைய சிங்களம் திணைக்களச் சிங்களம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"இருங்கோ மிஸ். ஒரு கேள்விதான். இவளை விளையாட அனுப்பினது ஆர்?"

"விளையாட்டுப் பிரிவு, சேர்."

"விளையாட்டுப் பிரிவு ஆற்றை?"

"எங்கட பல்கலைக்கழகத்தின்டதுதான்."

"அப்ப அனுப்பினதும் நீங்கள். வரேல்லை எண்டு போட்டதும் நீங்கள்."

"இல்லை சேர். அது விளையாட்டுப் பிரிவு. இது பீடம்."

இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு அப்பால் யாரோ பிளேசர்களை எண்ணும் சத்தம் கேட்டது.

அவள் விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். பரீட்சைக்கு வராததற்கு இரண்டு காரணங்களை ஏற்பார்கள். சுகவீனம். நெருங்கிய உறவில் மரணம்.

"விளையாட்டு இல்லையோ?"

"இல்லை சேர்."

"அப்ப இந்தக் கோப்பை என்னத்துக்கு? விளையாடிக்கொண்டு படிச்ச பிள்ளைக்குத்தானே?"

"ஓம் சேர்."

"இவள் விளையாடினவள். படிச்சவள்."

"ஓம் சேர். ஆனால் ரிப்பீட் இருக்கே."

"விளையாடினதாலதானே ரிப்பீட்."

அந்தப் பெண் ரூபிகாவைப் பார்த்தாள். தகப்பனை வெளியே கூட்டிப்போக மாட்டாயா என்ற பார்வை. ரூபிகா சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தாள். இந்தக் கதையை அவள் போன வருடம் இதே மேசையில் கதைத்து முடித்திருந்தாள்.

பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"சேர், ஒரு மெடிக்கல் இருந்தால் இண்டைக்கும் பார்க்கலாம். பிந்தினதுக்கு ஒரு கடிதம் வையுங்கோ. பீடாதிபதி மத்தியானம் வருவார். நல்ல மனுசன். போன மாதமும் ஒருத்தருக்குக் கையெழுத்து வைச்சவர். அவர் வைச்சா நான் பின்னேரத்துக்கு முதல் C ஐ மாத்திப்போட்டு பக்கத்து அறைக்குச் சொல்லிவிடுவன்."

"இவளுக்கு வருத்தம் ஒண்டும் இருக்கேல்லை."

"ஆருக்கு சேர் இருந்தது?"

அவள் கணினியில் இருந்த பெறுபேற்றை யோகநாதன் குனிந்து பார்த்தார். ஒரு கட்டத்தில் எண்பத்தாறு. பக்கத்துக் கட்டத்தில் C. இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். வரிக் கணக்குப் பார்த்த மனுசன். இரண்டு கட்டங்கள் ஒன்றையொன்று மறுத்தால் அவருக்கு நித்திரை வராது.

*

கன்டீனில் தேத்தண்ணீர் சூடாக இல்லை. ரூபிகாவின் போன் அடித்தது. நதா.

நதா அணித் தலைவி. தெமட்டகொடையில் வீடு. குருநாகல் இறுதியாட்டத்தில் அவளும் விளையாடினாள். அவளுடைய வருத்தம் டெங்கு.

"டீ, நான் கேக்கல்ல. அவங்களாத்தான் கோல் எடுத்த."

"தெரியும்."

"எனக்கு அந்தக் கப் வேணாம். உன்ட மார்க்ஸ் எங்க, என்டது எங்க. நீ அன்டைக்கே டெங்கு போட்டீந்தா முடிஞ்சிருக்கும். கொசு ஒன்டுதானே, ரெண்டு பேரையும் கடிச்சதுன்டு சொல்லீப்போம்."

ரூபிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். போனில் நதாவுக்குப் பின்னால் ஒரு பெண் யாரோடோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்டேஜ் என்ற சொல் கேட்டது. வாப்பாவையும் கூப்பிடுவாங்களாம் என்பது கேட்டது.

"ஆர் அது?"

"உம்மா. காலையில இருந்து எல்லாருக்கும் சொல்லிட்டு ஈக்கிறா." நதா நிறுத்தினாள். "நீ மெடிக்கல் ஒன்டு எடு. இப்பவும் ஏலும். நான் உம்மாக்குச் சொல்லிக்கிறேன்."

"என்னெண்டு சொல்லுவாய்?"

"ஏதாச்சும்."

போனை வைத்தபோது யோகநாதன் கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு டெங்குவோ?"

"ஓம்."

"எப்ப?"

"குருநாகலில. கப் தூக்கிக்கொண்டு நிக்கேக்க."

அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்தார். சேர்ட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"நான் உபவேந்தருக்கு எழுதிறன். ஆறு பேரும் பொய் மெடிக்கல். பத்திரிகையில படம் இருக்கு. அதையும் வைச்சு அனுப்புவம். உண்மை சொன்ன பிள்ளைக்கு C, பொய் சொன்ன பிள்ளைக்குக் கோப்பை. என்ன ஞாயம்?"

"எழுத மாட்டியள்."

"ஏன்?"

"நதாவுக்கு டிகிரியே போயிடும்."

"அவள் செய்தது பிழைதானே."

"அவளுக்கும் வேற வழி இருந்ததோ? அந்தப் புத்தகத்தில ரெண்டு காரணம்தானே இருக்கு. அப்பா, நீங்கள் எழுதினா நான் பின்னேரம் பிளேசரும் வாங்கப் போகமாட்டன். அண்ணா மாதிரி நானும் ஒரு பெட்டி எடுப்பன்."

அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். ஆறிய தேத்தண்ணீரை அவர் ஒருநாளும் குடிப்பதில்லை.

"அம்மா கோல் எடுத்தவவோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அதுதான் பயமாயிருக்கு."

வாசலில் ஓட்டோ ஒன்று நின்றது. ஏறினார்கள். வெள்ளவத்தைக்கு என்று ரூபிகா சொல்ல வாயெடுத்தாள்.

"கொட்டாஞ்சேனை" என்றார் யோகநாதன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் நேரே பார்த்தார்.

மருதானையில் நெரிசல். புறக்கோட்டைப் பக்கம் இன்னும் மோசம். சுமைதூக்கும் நாட்டாமைகள் வெங்காய மூட்டைகளோடு வண்டிகளுக்கு இடையால் போனார்கள். ஓட்டோக்காரன் ஹோர்னை விடாமல் அடித்தான். யாரும் விலகவில்லை.

"எண்பத்தாறு எடுத்த பிள்ளைக்கு C எண்டு போடுறதும் பொய்தானே" என்றார் அவர். "பொய் ஏற்கனவே எழுதியாச்சு. நாங்கள் அதைத் திருத்துறம்."

"அப்பா."

"என்ன?"

"அண்டைக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வரேல்லை. கடைசிக் குவாட்டரில அவளவையின்ட கோல் ஷூட்டருக்கு ஒரு பந்து குடுக்கேல்லை நான். காலில மூச்சு இருந்தது. என்ட சீவியத்தில அண்டைக்குப் போல சுகமா நான் இருந்ததில்லை."

யோகநாதன் மடியிலிருந்த கோட்டின் பொத்தானைப் போட்டார். கழற்றினார்.

"கையெழுத்து வைக்கிறது டொக்டர்" என்றார். "நீயில்லை."

அது அவருடைய வசனம் இல்லை. ராகுலன் போன அன்று சொன்ன வசனம். கோல் எடுக்கிறது நீங்கள், வேலை தாறது அவையள், பிறகென்ன என்றான். யோகநாதனுக்கும் அது ஞாபகம் வந்திருக்கவேண்டும். கோட்டை விரித்து மறுபடி மடித்தார்.

*

பேதுரு டொக்டரின் டிஸ்பென்சரி கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள். ரூபிகாவின் தடுப்பூசியிலிருந்து முழங்கால் வீக்கம்வரை எல்லாம் அவர் கை பட்டது. உட்காரும் வாங்கு நிறைய ஆட்கள். இருமல், குழந்தை, கட்டுப்போட்ட கால்.

வாங்கின் கடைசியில் பச்சைப் பட்டுச் சேலையில் ஒருத்தி இருந்தாள்.

யோகநாதன் நின்றார். பாலேஸ்வரியும் அவரைக் கண்டாள். இருவரும் சந்தையில் ஒரே முருங்கைக்காய்க் கட்டில் கை வைத்தவர்கள் போல் பார்த்துக்கொண்டார்கள்.

"நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?"

"எனக்குப் பிரஷர் பாக்க. நீங்கள்?"

"எனக்கும் பிரஷர்."

"சரி. இருங்கோ. நம்பர் எடுத்து வைச்சிருக்கிறன்."

"பட்டுச் சேலையிலயோ பிரஷர் பாக்கிறது?"

"இஞ்சால நேர விழாவுக்குப் போகத்தான். ஆரும் ஒராள் நம்பிக்கையா இருக்கவேணும் இந்த வீட்டில."

கட்டுப்போட்ட காலுக்குச் சொந்தக்காரர் சிரித்தார். பாலேஸ்வரி தள்ளி உட்கார்ந்தாள். யோகநாதன் பக்கத்தில் உட்கார்ந்தார். ரூபிகாவுக்கு இடமில்லை. நின்றாள்.

"ராகுலன் வெளிக்கிட்டிட்டானாம்" என்றாள் பாலேஸ்வரி மெதுவாக. "கோட் ஒண்டு கடன் வாங்கிப் போட்டிருக்கிறானாம். நான் ஒண்டும் சொல்லேல்லை."

யோகநாதன் தலையாட்டினார். பிறகு கேட்டார். "என்ன கலராம்?"

"கறுப்பாம்."

"நல்லது."

ரூபிகாவுக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. எரிச்சல் முந்தியது.

"நீங்கள் ரெண்டு பேரும் என்னைக் கேக்கவேயில்லை."

"என்னத்தைக் கேக்கிறது?" என்றாள் அம்மா. "உன்ட எண்பத்தாறு உனக்கு வேணுமோ வேண்டாமோ?"

வேண்டும். அதுதான் கஷ்டம். அந்த எண் தன் பெயருக்கு எதிரே நிற்கவேண்டும். குருநாகலும் நிற்கவேண்டும். இரண்டும் நடந்தவை. இரண்டையும் ஒரே ஆளுக்குத் தர ஒருவருக்கும் மனம் வரவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று பேரும் போனார்கள்.

பேதுரு டொக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். மெல்லிய மனிதர். எல்லாருடைய வருத்தத்தையும் பொதுவாகக் கோபித்துக்கொள்பவர்.

"என்ன, குடும்பத்தோட? ஆருக்கு என்ன?"

பாலேஸ்வரி சொன்னாள். வேகமாக, ஒரே மூச்சில். ரிப்பீட், C, கப், பின்னேரம். இடையில் யோகநாதன் ஒருமுறை தொண்டையைச் செருமினார். மறுக்கவில்லை.

டொக்டர் பேனையின் மூடியைக் கழற்றினார்.

"இதைத்தானே போன வருஷமே தாறன் எண்டனான். அப்ப ஆர் வேண்டாம் எண்டது?"

யோகநாதன் கையை அரைவாசி உயர்த்தினார், வகுப்பில் பிழை செய்த பையனைப்போல.

"இண்டைக்கு வேணும் எண்டும் நீர்தானோ?"

"ஓம் டொக்டர்."

"ம். என்ன திகதி அண்டைக்கு?"

மூவருக்கும் சட்டென்று ஞாபகம் வரவில்லை. அம்மா விரல் மடித்தாள். அப்பா போனைத் தேடினார்.

"இருங்கோ" என்றார் டொக்டர். நாற்காலியில் திரும்பினார்.

அவருக்குப் பின்னால் மருந்து அலுமாரி. அதன் கண்ணாடியில் ஒரு பத்திரிகைத் துண்டு ஒட்டியிருந்தது. வெட்டி ஒட்டியவர் அவர்தான். நான் சுகமாக்கின முழங்கால் என்று, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். படத்தில் நதா கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள். பக்கத்தில் ரூபிகா. இரண்டு காலும் நிலத்தில் இல்லை. வாய் முழுக்கத் திறந்திருந்தது.

டொக்டர் கண்ணாடியைச் சரிசெய்து, படத்துக்கு மேல் இருந்த திகதியை வாசித்தார். ஒரு நாள் குறைத்து, தாளில் எழுதினார். ரூபிகாவின் முழுப்பெயரை எழுதினார். வயதை எழுதினார்.

வெளியே ஒரு குழந்தை ஊசிக்குப் பயந்து கத்தியது. ரூபிகாவின் கையில் போன் அதிர்ந்தது. திரையில் நதாவின் பெயர். அவள் எடுக்கவில்லை. வெட்டவும் இல்லை.

அம்மா அவளைப் பார்த்தாள். அப்பா கோட்டைப் பார்த்தார்.

டொக்டர் பேனையைத் தாளில் வைத்தபடி நிமிர்ந்தார்.

"சொல்லு பிள்ளை. என்ன வருத்தம் எண்டு எழுத?"